கருவி வளைந்து கொடுக்கட்டும்



சென்ற இதழில் வந்த அந்தமான் பவளப் பாறைக் கட்டுரைக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை. படத்தில் இருந்த மீனுக்குத் தூத்துக்குடிப் பக்கம் வேறு பெயர் என்று திருத்தியவர்கள் உண்டு. ஒருமுறை இறங்கி வர என்ன செலவாகும் என்று கணக்குக் கேட்டவர்களும் உண்டு. மூன்று கடிதங்களை மட்டும் தனியே எடுத்து வைத்தேன்.

முதல் கடிதம் காரைக்குடியிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியது. முடக்குவாதத்தில் விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன, ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகக்கூட மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, ஆனாலும் கடலுக்குள் இறங்கிப் பார்க்க ஆசை என்கிறார். இரண்டாவது, சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி இடது கால் மெலிந்துபோன ஓர் அன்பரின் கடிதம். கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்தி வளர்ந்தவர். மூன்றாவது ஒரு தந்தையுடையது. அவருடைய பதினைந்து வயது மகளுக்குப் பிறவியிலேயே இடது முழங்கைக்குக் கீழே கையில்லை. நீச்சலில் பரிசு வாங்குகிற பெண். பயிற்சிக்குக் கூட்டிப்போன இடத்தில் கையைப் பார்த்ததுமே "கஷ்டம் சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

மூவரும் கேட்பது ஒன்றுதான்: எங்கள் உடம்புக்கு ஏற்ற ஸ்கூபா சாதனம் கிடைக்குமா? இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அவர்களுக்குப் பதிலாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கடல் பக்கமே போகப் போவதில்லை என்கிற வாசகர்களும் கூடவே வாருங்கள். உங்கள் வீட்டிலும் மூட்டு வலிக்காரர் ஒருவராவது இருப்பார்.

முதலில் மருத்துவர். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. இருபது மீட்டரில் மூன்று மடங்கு. பத்து மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் தாங்காது. ஸ்கூபா வகுப்பில் சொல்லித்தரும் முதல் விதியே மூச்சை அடக்காதே என்பதுதான். ஆகவே தானாகவே நுரையீரல் சுருங்கிப்போன அனுபவம் உள்ளவர்கள், வலிப்பு வருகிறவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எந்த விலை உயர்ந்த சாதனமும் அந்தச் சொல்லை மாற்றாது. 1980இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற அமைப்புகள் இதற்கான மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடுகின்றன. உங்கள் ஊர் மருத்துவருக்குக் கடல் மருத்துவம் பழக்கமில்லை என்றால் அவற்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டலாம்.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் நம் பேச்சே தொடங்குகிறது.

ஸ்கூபாவில் சிரமம் கடலுக்குள் இருப்பதாக வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது படகின் மேல்தட்டில் இருக்கிறது. வழக்கமாகப் புழங்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர், காற்று நிரப்பியபின் ஏறக்குறைய 17 கிலோ. அதைத் தாங்கும் ஜாக்கெட், மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டர், இடுப்பில் கட்டும் ஈயம் எல்லாம் சேர்ந்தால் ஒரு சிப்பம் அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு ஆடுகிற படகில் எழுந்து நிற்கிற கணக்கு. முழங்கால் வலிக்காரரும், முதுகுத் தண்டு தேய்ந்தவரும், ஊன்றுகோல் பிடிப்பவரும் தோற்றுப்போவது இந்த நாலடி தூரத்தில்தான். தண்ணீருக்குள் போனதும் அந்த எடை காணாமல் போகிறது. தரையில் நாலு படி ஏற மூச்சு வாங்குகிறவர் அங்கே நடனம் ஆடுகிறவர்போல் திரும்புவதைப் பயிற்சியாளர்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் படகில் அணிய வேண்டும் என்று யார் சொன்னது? ஜாக்கெட்டில் காற்றை நிரப்பி, சிலிண்டரோடு சேர்த்து முதலில் கடலில் மிதக்க விடலாம். நீங்கள் படகின் விளிம்பில் உட்கார்ந்தபடியே நழுவி இறங்கி, தண்ணீரில் வைத்து அணிந்துகொள்ளலாம். திரும்பும்போதும் அப்படியே: தண்ணீரிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் உடம்போடு ஏணி ஏறலாம். சிலிண்டரை முதுகில் வைக்காமல் இரு விலாப்புறமும் ஒன்றொன்றாகக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும் முறையும் உண்டு; குகைகளில் முக்குளிப்பவர்கள் கொண்டுவந்தது, இன்று முதுகு வலிக்காரர்களுக்கும் உதவுகிறது. கருவி தேடும் பலருக்குத் தேவைப்படுவது புதிய கருவியே இல்லை. இருக்கிற கருவியை வேறு இடத்தில், வேறு வரிசையில் மாட்டுவது.

எனக்கும் இதில் சிறு பங்கு உண்டு. என் வலது தோள் முழுதாக உயராது. கோட்டு போடுவதுபோல் ஜாக்கெட்டுக்குள் கையை நுழைக்கும்போது உயிர் போகும். புதுச்சேரியில் ஒரு பயிற்சியாளர் என் முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டு, தோள்பட்டையில் இருந்த கிளிப்பை அவிழ்த்தார். பட்டை இரண்டாகப் பிரிந்தது. கையை உயர்த்தாமலே ஜாக்கெட்டைச் சாத்திக்கொண்டேன். அவர் மீண்டும் கிளிப்பை மாட்டினார். முடிந்தது. "உங்களுக்குத் தோளில் என்ன நோய்?" என்று அவர் கேட்கவில்லை. "கை எதுவரைக்கும் போகும்?" என்றுதான் கேட்டார்.

நான் சொல்ல வந்ததெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நோயின் பெயரைச் சொல்லிக் கருவி தேடினால் கிடைக்காது. எந்த வேலையை, எந்த நேரத்தில், எந்த உறுப்பால் செய்ய முடியவில்லை என்று சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும். முடக்குவாதம், பக்கவாதம், விபத்தில் விரல் இழப்பு ஆகிய மூன்றும் மருத்துவருக்கு வெவ்வேறு துறை. சிறிய கொக்கியைக் கிள்ளிப் பிடிக்க முடியவில்லை என்கிற இடத்தில் மூவருக்கும் ஒரே பெரிய வளையம் போதும்.

1981இல் கலிஃபோர்னியாவில் ஜிம் கேட்டகர் தொடங்கிய ஹாண்டிகேப்டு ஸ்கூபா அசோசியேஷன் இதை ஒரு முறையாகவே வகுத்துவிட்டது. அங்கே தரம் பிரிப்பது நோயை வைத்து இல்லை. தன்னையும் பார்த்துக்கொண்டு, கூட வருபவருக்கும் ஆபத்தில் உதவ முடிந்தவர் முதல் தரம். எல்லோரையும்போல ஒரு துணையோடு இறங்கலாம். அடுத்தவருக்கு உதவ முடியாதவர் இரண்டு துணைகளோடு இறங்க வேண்டும். தனக்கே அதிக உதவி தேவைப்படுகிறவருக்கு இரண்டு துணைகள், அதில் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றவர். இவ்வளவுதான். துணையைக் கூட்டுகிறார்கள், கதவை மூடவில்லை.

துணை வேண்டும் என்பதில் குறைவு ஒன்றும் இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் எடைக்கல்லில் கால் வைத்துத்தான் அடிக்கு இறங்கினார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி, அது அசைகிற நேரத்துக்காகக் காத்திருந்து கல்லையும் ஆளையும் இழுத்தெடுத்தார். கயிறு பிடிக்க ஆள் வேண்டியிருக்கிறது என்று யாரும் முத்துக்குளிப்பவரைக் குறைத்துப் பேசியதில்லை. இன்றைய ஸ்கூபாவிலும் முழு உடல் வலுவோடு இருப்பவரே தனியாக இறங்கக் கூடாது என்பதுதான் பொது வழக்கம்.

இனி மூன்று கடிதங்களுக்கும் வருகிறேன்.

காரைக்குடி அம்மாவுக்கு: உங்கள் சிக்கல் ஆழத்தில் இல்லை, கொக்கியிலும் ஜிப்பிலும் இருக்கிறது. காலில் மாட்டும் துடுப்பில் வழக்கமாகப் பிளாஸ்டிக் கொக்கி வைத்த ரப்பர் பட்டை இருக்கும். அதைக் கிள்ளி இழுத்து இறுக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஸ்பிரிங் பட்டை வாங்கிப் பொருத்திவிட்டால் குதிகாலுக்குப் பின்னால் உள்ள பெரிய வளையத்தில் ஒரு விரலை நுழைத்து இழுத்தால் போதும். மாஸ்கின் ரப்பர் பட்டை முடியைப் பிடித்து இழுக்கும்; துணி போன்ற நியோபிரீன் உறை போட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஜிப் உள்ள காலுறைப் பூட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஜிப்பின் நுனியில் கைக்குள் அடங்குகிற அளவுக்குக் கயிற்று வளையம் கட்டிக்கொள்ளுங்கள்.

வெட்சூட் அணிவதுதான் மூட்டு வலிக்காரர்களுக்குப் பெரிய போராட்டம். அந்தமான் கடல் வெதுவெதுப்பானது. 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் பெரும்பாலும் வேண்டாம். ஒரே துண்டாக உள்ளதைவிட மேல்சட்டை, கால்சட்டை என்று இரண்டாகப் பிரிந்தது உங்களுக்கு எளிது. உள்ளே மெல்லிய லைக்ரா உடை போட்டால் வழுக்கும். பழைய முக்குளிப்பாளர்களின் கைவைத்தியம் ஒன்று: காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் கால் சட்டென்று இறங்கும்; பிறகு பையை உருவிவிடலாம். ஆனால் குளிரைக் குறைத்து மதிக்காதீர்கள். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை உறிஞ்சும். வலிக்கிற மூட்டு குளிரில் இன்னும் இறுகும். கைக்கு மெல்லிய கையுறை, தலைக்குக் குல்லா, இறங்கும் நேரம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கெட்டில் காற்று ஏற்றும் பொத்தானைக் கடையிலேயே அழுத்திப் பாருங்கள். சில நிறுவனங்களுடையது விரல் நுனியால் அழுத்தினாலே இயங்கும்; சிலவற்றுக்குக் கட்டைவிரலின் முழு பலம் வேண்டும். விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிலிண்டர் வால்வைத் திறப்பது, ரெகுலேட்டரைப் பூட்டுவது எல்லாம் துணை செய்யட்டும். ஈயக்கட்டிகளை உதறிவிடும் பிடியை மட்டும் நீங்களே இழுத்துப் பார்த்தாக வேண்டும். அது ஆபத்து நேரத்து வேலை.

கண்ணாடி போடுபவரா? மாஸ்குக்குள் உங்கள் பவரிலேயே லென்ஸ் பொருத்தித் தருகிறார்கள். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் எழுத்தும் பெரிதாகத் தெரியும் என்று நம்பிவிட வேண்டாம். வெள்ளெழுத்து உள்ளவருக்கு மணிக்கட்டில் உள்ள டைவ் கம்ப்யூட்டர் அப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். ஆழமும் காற்றின் அளவும் பெரிய எண்ணில் ஒளிரும் திரையாகப் பார்த்து வாங்குங்கள்.

இளம்பிள்ளை வாத அன்பருக்கு: உங்களுக்கு முதல் சிக்கல், சமநிலை. மெலிந்த காலில் தசை குறைவு. அதன்மேல் நியோபிரீன் உடை போட்டதும் அந்தக் கால் மட்டும் மேலே மிதக்கப் பார்க்கும். உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். அதைச் சரிசெய்யவே காற்று செலவாகும். நீச்சல் குளத்தில் இதைச் சோதித்துவிடலாம். முழு உடையோடு, மார்பளவு ஆழத்தில், கைகால் அசைக்காமல் கிடைமட்டமாக மிதந்து பாருங்கள். எந்தப் பக்கம் உருள்கிறது, எது மேலே எழுகிறது என்று துணை கவனிக்கட்டும். எழுகிற காலில் சிறிய கணுக்கால் எடை; அதே அளவு எடையை இடுப்பிலிருந்து குறைத்துவிட வேண்டும். மொத்த எடை கூடாது, இடம் மட்டும் மாறும். இன்னொன்று: அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக மிதக்கத் தொடங்கும். ஆகவே தொடக்கத்தில் சரியாக இருந்த சமநிலை முடிவிலும் சரியாக இருக்கிறதா என்று காற்று குறைந்த சிலிண்டரோடும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

துடுப்பு இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வலுவான காலுக்கு வழக்கமான துடுப்பு, மெலிந்த காலுக்கு மென்மையான சிறிய துடுப்பு, அல்லது துடுப்பே இல்லாமல். நடுவில் பிளந்த துடுப்பு தண்ணீரை எளிதாக விட்டுவிடும் என்பதால் முழங்கால் வலிக்காரர்கள் விரும்புகிறார்கள். ஆனால் எதிர் நீரோட்டத்தில் அதில் வேகம் எடுப்பது கடினம். விரலிடைச் சவ்வு வைத்த கையுறை போட்டுக் கைகளாலேயே நீந்துகிறவர்களும் உண்டு. கிணற்றில் நீந்திய கைகளுக்கு அது சுலபமாகப் பிடிபடும். அதிலும் ஒரு விலை இருக்கிறது: அந்தக் கையுறையோடு சிறிய கொக்கியை அவிழ்க்க முடியாது. நீரோட்டம் உள்ள இடத்தில் மின்கலத்தால் ஓடும் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டும் போகலாம். அது பழுதானால் துணையால் உங்களை இழுத்து வர முடிகிற தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். இளம்பிள்ளை வாதம் தசையை இயக்கும் நரம்பைத்தான் தாக்குகிறது. தொடு உணர்வு இருக்கிறது. பாறையில் கால் உரசினால் உங்களுக்குத் தெரியும். முதுகுத் தண்டு அடிபட்டுக் கால் செயலிழந்தவருக்கு அது தெரியாது. பவளத்தில் கிழிந்தாலும், வெயிலில் சுட்ட படகுத் தகட்டில் தொடை வெந்தாலும் வலிக்காது. அவர்களுக்கு முழுக்கால் உடையும் தடித்த அடியுள்ள பூட்ஸும் கட்டாயம். கரையேறியதும் தோலை ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டும். உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் அவர்களில் பலருக்குக் குறைந்திருக்கும். சிறுநீர்ப் பை வைத்திருப்பவர்கள் படகில் சிரமம் என்று தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பார்கள். உடம்பில் நீர் வற்றுவது முக்குளிப்பில் ஆபத்தைக் கூட்டும். 'கால் வராது' என்கிற ஒரே சொல்லுக்குள் இத்தனை வெவ்வேறு தேவைகள் இருக்கின்றன.

ஜாக்கெட் தேர்விலும் கவனம். முதுகுப் பக்கம் மட்டும் காற்று நிரம்பும் வகை, நீருக்குள் உடம்பைக் கிடைமட்டமாக அழகாக வைக்கும். அதனால் பலர் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பரிந்துரைப்பார்கள். ஆனால் கடலின் மேற்பரப்பில் மிதக்கும்போது அது முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளும். காலை உதைத்து நிமிர்ந்துகொள்ள முடிந்தவருக்கு அது பெரிய விஷயமில்லை. உதைக்க முடியாதவருக்கு, விலாவிலும் காற்று நிரம்பும் பழைய பாணி ஜாக்கெட்டே நல்லது.

மகளின் தந்தைக்கு: ஐயா, ஸ்கூபா அமைப்பு ஒரு வழக்கத்தின்படி உருவானது. மூச்சுக்கான குழாய் வலது தோளைச் சுற்றி வரும். காற்று ஏற்றி இறக்கும் குழாய் இடது தோளில் தொங்கும். காற்றளவு மானியும் இடப்பக்கம். வலது கை வாயைக் கவனிக்க, இடது கை மிதப்பைக் கவனிக்க என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு எல்லாமே வலது கையின் வேலை. ஆகவே இடப்பக்கத்துக் குழாயை நெஞ்சின் நடுவில், கை போகும் இடத்தில் ரப்பர் கயிற்றால் நிறுத்த வேண்டும். காற்றை வெளியேற்ற வலது தோளிலும் வலது இடுப்புக்குப் பின்னாலும் இழுகயிறு உள்ள ஜாக்கெட்டாகப் பாருங்கள். சில ஜாக்கெட்டுகளில் குழாய்க்குப் பதிலாக இடது இடுப்போரம் ஒரு நெம்புகோல் இருக்கும். உங்கள் மகளுக்கு அது உதவாது; வலது கை இல்லாதவருக்கோ அதைவிட வசதி வேறில்லை. 'கையில்லாதவர்களுக்கான ஜாக்கெட்' என்று ஒன்றைத் தேடினால் இந்த வித்தியாசம் தெரியாமலே போய்விடும்.

வலது கை இல்லாத வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ரெகுலேட்டரை இடது தோள் வழியாகக் கொண்டுவர ஆசைப்படலாம். சாதாரண ரெகுலேட்டரை அப்படித் திருப்பினால் தலைகீழாகிவிடும். மூச்சுவிடும் வால்வு மேலே போய்த் தண்ணீர் உள்ளே வரும். இருபுறமும் ஒன்றுபோல் வடிவமைத்து, பக்கவாட்டில் காற்றை வெளியேற்றும் வகை இருக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும்.

ஒற்றைக் கைக்கு உண்மையான சோதனை, இரண்டு வேலை ஒரே நேரத்தில் வரும்போதுதான். இறங்கும்போது காது அடைக்கும். மூக்கைப் பிடித்து ஊத வேண்டும். அதே நொடியில் ஜாக்கெட்டின் காற்றையும் கவனிக்க வேண்டும். இதற்கு வழி, வரிசை. கால் கீழாக, மெதுவாக இறங்குவது. கொஞ்சம் காற்றை விடுவது, காதைச் சரிசெய்வது, மறுபடி கொஞ்சம். எச்சில் விழுங்கியோ தாடையை அசைத்தோ காதைத் திறக்கப் பழகியவருக்குக் கையே வேண்டாம். மாஸ்குக்குள் தண்ணீர் புகுந்தால் ஒரு கையால் மேல் விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதினாலே வெளியேறிவிடும். ஈயத்தை இரு பக்கப் பைகளில் வைத்தால் இடப்பக்கப் பையின் பிடிக்கும் வலது கை எட்ட வேண்டும். வலது கையால் ஒரே இழுப்பில் அவிழும் பழைய இடுப்புப் பட்டையே அவளுக்கு நல்லதாகவும் இருக்கலாம். நீச்சலில் பரிசு வாங்குகிற பெண் இதையெல்லாம் குளத்திலேயே தேறிவிடுவாள்.

செயற்கைக் கை, செயற்கைக் கால் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். உள்ளே வெற்றிடம் உள்ளது மிதக்கும்; உலோக மூட்டு உப்பில் அரிக்கும். கடலுக்குப் போடலாமா என்பதைச் செய்து கொடுத்தவரிடமே கேளுங்கள். பலர் கழற்றி வைத்துவிட்டே இறங்குகிறார்கள். தாடை வலி உள்ளவர்களுக்கு வெந்நீரில் மென்மையாக்கி அவரவர் பல்வரிசைக்குக் கடித்துப் பதித்துக்கொள்ளும் வாய்க்கட்டை கிடைக்கிறது. முகத்தசை பலவீனத்தால் வாயை மூடிப் பிடிக்கவே முடியாதவர்கள் முழுமுக மாஸ்க் அணியலாம். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். காது கேளாதவர்களைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு உதவியே தேவைப்படாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமெல்லாம் கட்டைவிரலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும்போது அவர்கள் சைகை மொழியில் அடியாழத்தில் ஊர்க்கதையே பேசுவார்கள்.

பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு வரிசை. மாஸ்க், பூட்ஸ், வெட்சூட் ஆகிய மூன்றும் உங்கள் உடம்போடு ஒட்டுபவை. முதலில் அவற்றைச் சொந்தமாக வாங்குங்கள். ஜாக்கெட்டையும் ரெகுலேட்டரையும் மையத்திலேயே வாடகைக்கு எடுத்து, இரண்டு மூன்று வகைகளைக் குளத்தில் முயன்றபின் வாங்கலாம். வெட்சூட்டில் நீளமான ஜிப் வைப்பது, வளையம் தைப்பது, மெலிந்த காலுக்கு அளவு குறைப்பது எல்லாம் நியோபிரீன் தைத்துப் பழகிய நல்ல தையற்காரர் செய்யக்கூடியவை. ரெகுலேட்டர், சிலிண்டர் வால்வு, ஜாக்கெட்டின் காற்றுப்பை மூன்றிலும் அந்தச் சாதனத்துக்குப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கைத் தவிர யாரும் கைவைக்கக் கூடாது. நம் ஊர்க் கைத்திறமையில் எனக்கு நம்பிக்கை உண்டு. மூச்சு விஷயத்தில் அதைச் சோதித்துப் பார்க்க விருப்பமில்லை.

கருவி எவ்வளவு தூரம் வளைந்து கொடுக்கும் என்று பார்க்க நினைப்பவர்கள் பிரிட்டன் கலைஞர் சூ ஆஸ்டினின் காணொளியைத் தேடிப் பாருங்கள். தன் சக்கர நாற்காலியையே நீருக்குள் ஓடும் வாகனமாக மாற்றியவர். இரண்டு மின்விசைக் கருவிகள் உந்த, பாதத்தால் தகடுகளைத் திருப்பித் திசை மாற்றிக் கடலுக்குள் வட்டமிடுகிறார். 2012இல் லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டிய கலை விழாவில் உலகம் அதைப் பார்த்தது. 2022 நவம்பரில் நம் சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி அலைக்கு அருகே போக மரப்பாதை திறந்தபோது அங்கே கூடிய கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, சரிசெய்தார்கள். கடலுக்கு ஆசைப்படுகிறவர்களுக்குத் தடை கடலில் இல்லை, மணலில் இருந்தது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

பயிற்சி மையம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை அந்தத் தந்தையும் மகளும் வரும்போது கையைப் பார்த்து முடிவு சொல்லாமல், கை எதுவரைக்கும் போகும் என்று கேட்டுப் பாருங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நான்கு பத்தி பிரியுங்கள். முதல் பத்தியில் நானே செய்ய முடிந்தவை. இரண்டாவதில் துணையோடு முடிந்தவை. மூன்றாவதில் எப்படியும் முடியாதவை: கிள்ளுவது, திருகுவது, குனிவது, தலைக்குமேல் கை தூக்குவது என்று வேலையின் பெயராகவே எழுதுங்கள். நான்காவதில், இப்போதே உடம்பில் உள்ள வலியும் மரத்துப்போன இடங்களும். இந்தக் கடைசிப் பத்தி மிக முக்கியம். ஆழத்திலிருந்து அவசரமாக ஏறினால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டும். அதன் அறிகுறியும் மூட்டு வலி, மரத்துப்போதல் என்றுதான் தொடங்கும். பழைய வலி எது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்தான் புதிய வலியைத் துணையால் கண்டுபிடிக்க முடியும். ஒரு பிரதி மருத்துவருக்கு, ஒன்று பயிற்சியாளருக்கு, ஒன்று கூட இறங்குகிறவருக்கு.

நான்காவது பிரதியை எங்களுக்கு அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம். அனுபவமுள்ள பயிற்சியாளர்களிடமும் மருத்துவர்களிடமும் காட்டி, அடுத்த இதழ் முதல் ஒவ்வொன்றாகப் பதில் வெளியிடுகிறோம். காரைக்குடி அம்மா, உங்கள் தாள்தான் முதலில் வர வேண்டும். எழுதுவதற்கு மருமகளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அப்படியே அவரையும் துணையாக இறங்கச் சம்மதிக்க வைத்துவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்